நூற்று எண்பத்து மூன்றாவது வரி

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கையே கிடையாது. என் தொழில் என்னவென்று தெரிந்தால் நீங்கள் சிரிப்பீர்கள். திவசச் சமையல். முப்பது வருஷமாகத் திருத்தணியைச் சுற்றி, இந்தப் பக்கம் மணவூர் வரைக்கும் அந்தப் பக்கம் ஆந்திரா எல்லை வரைக்கும், செத்துப்போனவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருக்கிறேன். பிண்டம் வைத்ததும் காக்கை வராவிட்டால் வீட்டுக்காரர்களுக்கு முகம் தொங்கிப்போகும், அப்பா கோபமாக இருக்கிறாரோ, அம்மாவுக்கு ஏதாவது குறையோ என்று ஆளாளுக்குக் கையைப் பிசைவார்கள். நான்தான் சொல்வேன், காக்கைக்கு என்ன கடிகாரமா கட்டியிருக்கிறது, கோழிக்கடை வாசலில் நிற்கும், கொஞ்சம் பொறுங்கள் வரும் என்று. வந்துவிடும். இவ்வளவுதான் எனக்கும் ஆவிகளுக்கும் உள்ள பழக்கம்.

அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, நானே இதைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல், மலையடிவாரத்தில் என் வீட்டுக் கூடம், எதிர்வீட்டில் டிவி ஓடுகிற சத்தம், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். அவ்வளவுதான் அதில் இருந்தது.

கம்ப்யூட்டர் என் பையன் காலேஜ் படித்தபோது வாங்கியது. அவன் பெங்களூர் போகும்போது எனக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அதுவரைக்கும் எல்லாம் ஒரு பழைய நோட்டில் இருந்தது, எண்ணெய்க் கறையும் மிளகு வாசனையுமாக. பட்டியலில் வரிசை எண், காலமானவர் பேர், மாதம், பட்சம், திதி, செய்பவர் யார், அவர் போன் நம்பர், கடைசியில் பட்டியலில் சேர்த்த நாள். அந்த நாளை மட்டும் நாம் அடிக்க வேண்டாம், தானாக விழும். மொத்தம் நூற்று எண்பத்திரண்டு வரி. நூற்று எண்பத்திரண்டாவது ஆடி மாதம் சேர்த்தது, அதனால் எனக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்.

என் வழக்கம் ஒன்று உண்டு. எந்த வீட்டுத் திதியாக இருந்தாலும் மூன்று நாள் முன்னால் அந்த வரியில் உள்ள நம்பருக்குப் போன் செய்துவிடுவேன். வியாழக்கிழமை அப்பா திதி, ஞாபகம் இருக்கா, எத்தனை இலை, வாழைக்காய் நீங்கள் வாங்குகிறீர்களா நான் வாங்கட்டுமா. இந்தக் காலத்தில் திதியை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? நான் கூப்பிட்டால்தான் பாதிப் பேருக்கு அப்பா நினைவே வரும். முப்பது வருஷத்தில் ஒரு போனைக்கூட நான் விட்டதில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முரளி. என்னைவிடப் பத்து வயது சின்னவன். சமையல்காரனுக்கு யார் பெண் கொடுக்கிறார்கள், கல்யாணம் ஆகவில்லை, எங்கள் கூடவே இருந்தான். இருபது வருஷம் என் கூடவே கரண்டி பிடித்தான். நான் அடுப்பு, அவன் தாளிப்பு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில் ஒரு வீட்டுத் திவசம். முதல் நாள்தான் கனகம்மாசத்திரத்தில் ஒரு சீமந்தத்துக்குச் சமைத்துவிட்டு வந்திருந்தோம். திவசத்தில் மிளகாய் கூடாது, காரத்துக்கு மிளகுதான், இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களிடம் அதற்காகவே இரண்டு அஞ்சறைப் பெட்டி. கல்யாணத்துக்கு ஒன்று, திவசத்துக்கு ஒன்று. அன்றைக்கு ரசத்தில் ஒரு சிவப்பு மிளகாய்த் துண்டு மிதந்தது. இலையில் உட்கார்ந்திருந்த பிராமணர் அதை விரலால் எடுத்துக் காட்டிவிட்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் இன்னொருவரும் எழுந்துவிட்டார். அந்த வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அத்தனை சமையலும் வீண், அவர் அம்மாவின் திதியும் நின்றுபோயிற்று.

நான் எல்லார் முன்னிலையிலும் முரளியைப் பார்த்துக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது ஒவ்வொரு எழுத்தாக எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இனிமே எனக்குத் தம்பியே இல்லைடா. நீ செத்துட்டேன்னு நெனச்சுக்கறேன். உன் பேரையும் அந்த லிஸ்ட்ல எழுதிடறேன், போ!"

அவன் என்னைப் பார்த்தான். கரண்டியைக் கழுவி, துடைத்து, என் பைக்குள் வைத்துவிட்டுப் போனான்.

இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அன்றைக்கு விடிகாலையில் பையைக் கட்டியது நான். பெட்டியை மாற்றி எடுத்து வைத்தது நான். அது தெரியாமல் கத்தினேன் என்றாலாவது பரவாயில்லை. கத்துவதற்கு முன்னால் அடுப்படியில் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டுத்தான் கத்தினேன். இருபது ஊரில் என் பேர் கெட்டுப்போகும் என்று பயம், வேறொன்றும் இல்லை. பையைக் கட்டியது யார் என்று அவனுக்கும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அன்று சாயந்திரமே அவன் துணிமணியை எடுத்துக்கொண்டு அரக்கோணம் போய்விட்டான். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ரயிலில் ஏறினால் இருபது நிமிஷம். ஒன்றரை வருஷம் நான் போகவில்லை. நாளைக்குப் போகலாம், இந்த அமாவாசை போகட்டும், கிருத்திகைக் கூட்டம் குறையட்டும் என்று என்னென்னவோ சாக்கு. உண்மையில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை. ஐப்பசி மாதம், கிருஷ்ணபட்சம், சப்தமி.

ஆறு மாதமாகவே கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு கறுப்புத் திரை வந்துகொண்டிருந்தது. டிஸ்க்கில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வேண்டாமென்றால் பத்து வினாடிக்குள் ஏதாவது ஒரு பட்டனைத் தட்டு என்று இங்கிலீஷில் கேட்கும். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணும். நான் தினமும் தட்டிவிடுவேன். அவசரத்தில் இருப்பவனுக்கு எதற்கு அந்த வம்பு? அன்றைக்குப் பட்டனைத் தட்டிவிட்டு உள்ளே போனால் பட்டியல் திறக்கவில்லை. திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தேன், ஒரு பக்கம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டது. நூற்று எண்பத்திரண்டு வீடு. பழைய நோட்டை எப்போதோ எடைக்குப் போட்டாயிற்று. வியாழக்கிழமை தசமியன்று யார் வீட்டில் திதி என்று அன்றைக்கே போன் செய்தாக வேண்டும், யார் என்று பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பாஸ்கருக்குப் போன் போட்டேன்.

"தெனம் தட்டி உட்டுகினே இருந்தீங்களா சாமி?" என்றான். "அது கேக்கும்போது பாக்க உட்டிருக்கணும். சரி உடுங்க, ஆஃப் பண்ணி மறுபடி போடுங்க. கறுப்புத் தெரை வரும். எதையும் தொடாதீங்க. அதுவே அஞ்சு கட்டமா பாத்துகினு போவும், கெட்டுப்போன எடத்த ஒதுக்கிட்டு நல்லத மட்டும் எடுத்து வெக்கும். கரண்ட் மட்டும் போவக் கூடாது. வேற எங்கனா காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்லையேப்பா."

"அப்ப முருகனக் கும்பிட்டுகினு உட்காருங்க."

பதினொரு மணிக்குப் போட்டேன். முதல் கட்டம், இரண்டாவது, மூன்றாவது எல்லாம் மளமளவென்று போயிற்று. நாலாவது கட்டத்தில் நத்தை மாதிரி. பதினோரு சதவீதம், பதினோரு சதவீதம், அரை மணிக்குப் பிறகும் பதினோரு சதவீதம். உள்ளே டிக் டிக்கென்று ஏதோ தட்டுகிற சத்தம். ஜயா, என் மனைவி, சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்திருக்க மனசில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது, வேறெப்படிச் சொல்ல.

இரண்டரை மணிக்கு முடிந்தது. அறுந்து கிடந்த துண்டுகளை மீட்டுச் சேர்த்தாயிற்று என்று ஏதோ வந்தது. பட்டியலைத் திறந்தேன், திறந்துகொண்டது. எல்லாம் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தசமி யார் என்று பார்த்தேன், மணவூர் வீடு. உடனே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஐந்து இலை, வாழைக்காய் அவர்களே வாங்கிவிடுகிறார்களாம்.

போனை வைத்துவிட்டுப் பட்டியலின் கடைசிக்குப் போனேன். நூற்று எண்பத்து மூன்று இருந்தது.

முரளிதரன். எங்கள் கோத்திரம். ஐப்பசி, கிருஷ்ணபட்சம், தசமி. செய்பவர் என்ற இடத்தில் என் பேர், ராமநாதன். உறவு, அண்ணா. போன் நம்பர் இருக்கிற இடத்தில் நான்கைந்து கட்டம் கட்டமான குப்பை எழுத்து, அதற்கு நடுவே பத்து எண்கள். என் நம்பர் இல்லை. கடைசியில் சேர்த்த நாள். அது சித்திரையில் ரசத்தில் மிளகாய் மிதந்த அதே நாள்.

நான் அதை எழுதவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது, கோபத்தில் அன்றைக்கே எழுதிவிட்டு மறந்திருப்பேன் என்றுதானே. சத்தியமாக இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தவன் மறுநாள்தான் எழுந்தேன். வாயால் சொன்னேன், கையால் எழுதவில்லை. அப்படியே எழுதியிருந்தாலும் திதி எங்கிருந்து வந்தது? அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்தப் பட்டியலைத் திறந்திருப்பேன்? அந்த வரி இருந்ததில்லை.

பயம் வந்தது என்று சொன்னால் பொய். அவமானம்தான் வந்தது. என் வாயில் வந்த அசிங்கத்தை யாரோ எடுத்து அழகாகக் கட்டம் போட்டு, கோத்திரம் போட்டு என் முன்னாலேயே வைத்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜயா காப்பி கொண்டுவந்தாள். கண்ணாடி போடாமல் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள், பேர் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

"ஏன்னா, முரளி பேர் எதுக்கு இதுல இருக்கு?"

"டிஸ்க்கு கெட்டுப்போய் எல்லாம் கலந்து கெடக்கு. வேற ஒண்ணுமில்லே."

"எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. அவனுக்கு ஒரு போன் பண்ணி எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேளுங்கோ."

"எங்கே பண்றது? நம்பரைத்தான் மாத்திட்டானே."

நம்பர் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. அந்த வரியிலேயே இருந்தது. சத்தியமாக எனக்கு அது தோன்றவே இல்லை. குப்பை எழுத்துக்கு நடுவில் இருந்ததால் அதையும் குப்பை என்று நினைத்துவிட்டேன்.

வரியை அழித்தேன், சேமித்தேன், மூடினேன். மறுபடி திறந்தால் இருக்கிறது. அழித்தேன். மறுபடியும் இருக்கிறது. மூன்றாவது தடவை அழிக்கும்போது அந்த நம்பரின் கடைசி நாலு எண் எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது, ஏழு ஏழு ஒன்று ஆறு. பாஸ்கரைக் கூப்பிட்டேன்.

"அது ரெண்டு பைலு ஒண்ணோட ஒண்ணு மாட்டிகினு இருக்கும் சாமி. இன்னொரு தபா செக் போட்டு உடுங்க. தப்பா இருக்கறத ரிப்பேர் பண்ணிடும்."

எப்படிப் போடுவது என்று போனிலேயே சொன்னான். ரிப்பேர் செய்யட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்று நான்தான் அழுத்தினேன். இதையும் சொல்லிவிட வேண்டும், அழுத்தினது நான்தான்.

என் போன் அப்போது அலமாரியில் சார்ஜில் கிடந்தது. ஜயா கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிட்டது. பிழை எதுவும் இல்லை என்று வந்தது, கம்ப்யூட்டர் தானாக எழுந்து நின்றது, மூலையில் மணி நாலு ஐம்பத்திரண்டு. பட்டியலைத் திறந்தேன். நூற்று எண்பத்திரண்டோடு நின்றது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்றால் நம்புவீர்களா?

வியாழக்கிழமை மணவூரில் சமைத்துக்கொண்டிருந்தேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. பத்தே கால் மணிக்குப் போன் வந்தது, ஜயா. அரக்கோணத்தில் முரளி இருந்த வீட்டு அம்மா, அவன் போனில் நம்பர் தேடத் தெரியாமல், யார் யாரையோ விசாரித்து எங்கள் வீட்டு நம்பரைக் கண்டுபிடித்துச் சொன்னார்களாம். காலையில் மெஸ்ஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி. வாசல் படியிலேயே உட்கார்ந்தானாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் அடுப்பை அணைத்தேன். சாவுச் செய்தி காதில் விழுந்த பிறகு நான் தொட்டதை அவர்கள் பித்ருக்களுக்குப் படைக்க முடியாது, எனக்குத் தீட்டு. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என் தோளைத் தொட வந்து கையை இழுத்துக்கொண்டார். இரண்டாவது தடவையாக என் தம்பியை முன்னிட்டு ஒரு வீட்டுத் திவசம் நின்றது. அதற்கும் நான்தான் காரணம் என்று மணவூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது நினைத்துக்கொண்டேன். தசமி என்று அப்போதுதான் உறைத்தது.

அரக்கோணத்தில் ரயில்வே லைனை ஒட்டி ஒரு சந்து, அதில் ஒரு ஓட்டு வீடு, பின்பக்கம் ஒரு அறை. வீட்டு அம்மா பேர் சரசம்மா, எழுபது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"எங்க நைனா போன அன்னிக்குக்கூட நான் இப்டி அழல சாமி. உங்க தம்பி பூ மாதிரி மனுசன். உங்களத்தான் எந்நேரமும் சொல்லிகினு இருப்பாரு."

"என்னம்மா சொல்லுவான்?"

"எங்க அண்ணா கைல ஒரு ரசம் சாப்டா அப்புறம் வேற ரசம் எறங்காதும்மா, அப்டிம்பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏன் சாமி, நீங்க போன் பண்ணீங்களே, மறுபடி ஒரு தபா பண்ணியிருக்கக் கூடாதா?"

எனக்குப் புரியவில்லை. "நான் எங்கேம்மா பண்ணினேன்?"

"திங்கக்கெழம சாய்ந்தரம் பண்ணீங்களே. இதோ இந்தத் தண்ணிக் கொழாகிட்ட நின்னுகினு இருந்தாரு. உள்ள போன் அடிச்சுது. ஓடிப் போயி எடுக்கறதுக்குள்ள நின்னு போச்சு. வெளிய வந்தாரு பாருங்க, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. எங்க அண்ணா கூப்ட்டாரும்மான்னாரு. நீ திருப்பி அடியேன்பான்னேன். வாணாம்மா, கை தவறி பட்டிருக்கும், நான் அடிச்சு அவரு ஒண்ணும் இல்ல வெய்யின்னுட்டா என்னால தாங்க முடியாது, நெசமாலுமே கூப்ட்டிருந்தா மறுபடி அடிப்பாரு, அப்டின்னாரு. மூணு நாளு சாமி. அந்தப் போனக் கைய உட்டு வெக்கல. மெஸ்ஸுக்குப் போகும்போதுகூட சார்ஜர எடுத்துகினு போனாரு. இன்னிக்கிக் காலைல படில உட்காந்தாரே, அப்பவும் கைலதான் வெச்சிருந்தாரு."

போனை எடுத்துக் கொடுத்தாள். பட்டன் வைத்த சின்னப் போன். திறந்து பார்த்தேன். தவறிய அழைப்பு ஒன்று. அண்ணா என்று என் நம்பரைப் போட்டு வைத்திருந்தான். திங்கட்கிழமை, நாலு ஐம்பத்திரண்டு.

அவன் நம்பர் என்ன என்று கேட்டேன். சரசம்மா சுவரில் கரியால் எழுதி வைத்திருந்ததைக் காட்டினாள். முழுதாகப் படிக்கவில்லை, கடைசி நாலு எண்ணை மட்டும்தான் பார்த்தேன். ஏழு ஏழு ஒன்று ஆறு.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் முன்னால் செய்ய வேண்டிய போன். சப்தமியன்று தசமிக்கு இரண்டு வரி இருந்தது, இரண்டிலும் நம்பர் இருந்தது. ஒன்றுக்குச் செய்துவிட்டு இன்னொன்றை அழித்தேன். முப்பது வருஷத்தில் நான் விட்ட ஒரே போன் அது. கூப்பிட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று தெரியாது. பெட்டியை மாற்றி வைத்தது நான்தான்டா என்று சொல்லியிருப்பேன். தெரியும் அண்ணா என்று சொல்லியிருப்பான். அவ்வளவு போதும் எங்களுக்கு. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

என் போனை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. திங்கட்கிழமை நான் பேசியது பாஸ்கரிடமும் மணவூர் வீட்டிலும்தான். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஒன்றும் இல்லை. பையன் பெங்களூரிலிருந்து வந்து போன் கம்பெனியிலிருந்து என் அழைப்புக் கணக்கை வாங்கிப் பார்த்தான், அதிலும் இல்லை. பாஸ்கரிடம் கேட்டேன். "செக் ஓடும்போது அதுக்கு நெட்டே இருக்காது சாமி. அது எப்டி போன் பண்ணும்?" என்றான். அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியுமா என்று டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தான். இரண்டு நாள் கழித்து வந்து, "ரிப்பேரு நல்லாவே ஆயிருக்குது சாமி, பழசு ஒண்ணும் இல்ல," என்றான். நல்லாவே ஆகியிருக்கிறது.

யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ய வேண்டியதை எனக்குப் பதிலாக ஏதோ ஒன்று ஒரே ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறது, மறுபடி அடிக்க வேண்டியவன் நான், அந்த நேரத்தில் நான் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

காரியம் எல்லாம் நான்தான் செய்தேன். அண்ணன் தம்பிக்குச் செய்வது முறையா என்று யாரோ கேட்டார்கள், வேறு யார் இருக்கிறார்கள்? பதிமூன்றாம் நாள் முடிந்ததும் பட்டியலைத் திறந்து நூற்று எண்பத்து மூன்றாவது வரியை என் கையாலேயே எழுதினேன். முரளிதரன், கோத்திரம், ஐப்பசி, கிருஷ்ணபட்சம், தசமி, செய்பவர் ராமநாதன், அண்ணா. ஒன்று விடாமல் முன்னால் பார்த்தபடியேதான் எழுதினேன். போன் நம்பரை மட்டும் வெறுமனே விட்டுவிட்டேன். என்னை யார் கூப்பிட்டு ஞாபகப்படுத்த வேண்டும்? அவன் போனில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று, அதை அணைத்தபடியே பீரோவில் என் வேட்டிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அந்த நம்பருக்கு அதற்குப் பிறகு யாரும் பணம் கட்டவில்லை.

இந்த ஐப்பசியில் முதல் வருஷத் திதி வந்தது. மூன்று நாள் முன்னால், சப்தமியன்று, வழக்கம்போல் பட்டியலைத் திறந்தேன். புது டிஸ்க், பிழை எதுவும் இல்லை, கறுப்புத் திரையும் வருவதில்லை. மணவூர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர்கள் இந்த வருஷமும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கும் அன்று திதி என்றதும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அடுத்த வரிக்கு வந்தேன். வெறுமனே விட்ட இடத்தில் பத்து எண்கள் இருந்தன. இந்தத் தடவை சுற்றிலும் குப்பை எழுத்து எதுவும் இல்லை.

நான் யோசிக்கவே இல்லை, ஜயாவையும் கூப்பிடவில்லை. உடனே அடித்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் வரும் என்றுதான் நினைத்தேன். மணி அடித்தது. அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், பாஸ்கரும் அதையேதான் சொன்னான், இருக்கலாம். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

கை தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்துவிடப் போகிறானே என்று உடனே மறுபடியும் அடித்தேன்.